திரும்பத் திரும்ப வரும் விற்பனை வேலைக்கு ஒரு புதிய துணை

(லால்குடியில் உழவர் கூட்டமொன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



பெருவளை வாய்க்காலும் புள்ளம்பாடி வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் பாயும் இந்த வட்டாரத்தில் நெல்லும் வாழையும் விளைவிக்கும் முறையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விதை நேர்த்தி, உரமிடுதல், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவை பற்றி இத்தகைய கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வயலை விட்டு வெளியே வந்து, விளைந்ததை விற்கும்போது எழுதுகோலும் தொலைபேசியுமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம்மில் சிலர் நெல்லை அப்படியே விற்காமல் அரிசியாக்கி, திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுத்து வருகிறோம். சிலர் வாழைத்தாரைக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்புவதோடு நிற்காமல், கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் தாமே கொண்டு சேர்க்கிறார்கள். இவ்வாறு விற்கும்போது தரகு மிச்சமாகிறது. ஆனால் தரகர் செய்து வந்த எழுத்து வேலை முழுவதும் நம் தலையில் வந்து விழுகிறது.

எழுத்து வேலையின் அளவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் சேர்ந்து 120 வீடுகளுக்கு அரிசி கொடுப்பதாக வைத்துக் கொள்வோம். வாரந்தோறும் வியாழக்கிழமை இரவு, இந்த வாரம் கையிருப்பில் உள்ள ரகம் எது, விலை என்ன என்று ஒவ்வொருவருக்கும் பெயரிட்டுச் செய்தி எழுத வேண்டும். ஒரு செய்திக்கு 2 நிமிடம் என்றால் 240 நிமிடம், அதாவது 4 மணி நேரம். பிறகு பதில்கள் வரும். அவற்றை நோட்டில் ஏற்றி, ரகவாரியாகக் கூட்டி, தில்லை நகர் தனி, ஸ்ரீரங்கம் தனி, கே.கே. நகர் தனி என்று பிரித்து, பைக்குப் பை பெயர்ச்சீட்டு எழுதி, தொகை போட்டு, பாக்கி குறிக்க வேண்டும். இதில் புத்தியைச் செலவிட வேண்டிய இடம் மிகக் குறைவு. சென்ற வாரம் செய்ததையே இந்த வாரமும் செய்கிறோம். மாதத்தில் நாலு வாரத்துக்குச் செய்தி எழுதுவதில் மட்டும் 16 மணி நேரம் போகிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் வேலைக்குத்தான் கணினி நிரல் ஏற்றது. நிரல் என்பது கணினிக்கு வரிசையாகச் சொல்லி வைத்த கட்டளைகள். பேச்சு வழக்கில் புரோகிராம் என்கிறோம். இதுவரை அதை எழுத, அதற்கென்று படித்த ஒருவர் தேவைப்பட்டார். அவருக்குக் கொடுக்கும் கூலி நம் வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. செய்ய வேண்டிய வேலையைத் தமிழிலேயே விளக்கிச் சொன்னால் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்துள்ளன.

இது எப்படி வந்தது?

நிரல் தெரியாதவர் கையில் கணினி வேலையைக் கொடுக்கும் முயற்சி புதியதன்று. 1979இல் அமெரிக்காவில் விசிகால்க் என்ற விரிதாள் வெளிவந்தது. கட்டம் கட்டமாக எண்களை எழுதினால் தானே கூட்டிக் காட்டும். இன்று நாம் எக்செல் என்றும் கூகுள் தாள் என்றும் சொல்பவை அதன் வழி வந்தவையே. நம் தமிழகத்தைச் சேர்ந்த சோஹோ நிறுவனமும், நிரலாளர் அல்லாதவர் தம் வேலைக்கான செயலியைத் தாமே அமைத்துக் கொள்ள உதவும் சோஹோ கிரியேட்டர் என்ற கருவியை 2006இல் வெளியிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வாயால் சொல்வது போல எழுதிக் கேட்டு நிரல் வாங்கும் வழக்கம் பரவிற்று.

விற்பனை வேலையில் இதைக் கையாண்டதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025இல் கிளாட் கோடு என்ற நிரல் எழுதும் உதவியாளரை வெளியிட்டது. தன் அலுவலகப் பிரிவுகள் அதைப் பயன்படுத்தும் விதம் பற்றி அதே ஆண்டில் ஒரு குறிப்பும் வெளியிட்டது. விளம்பர வேலையை நிரலாளர் அல்லாத ஒரே ஒருவர் பார்த்து வந்தார். கூகுள் விளம்பரத்தில் தலைப்புக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90 எழுத்து என்று வரம்பு உண்டு. நூற்றுக்கணக்கான விளம்பரங்களின் பலன் அடங்கிய பட்டியலைப் படித்து, பலன் குறைந்தவற்றைப் பிரித்தெடுத்து, வரம்புக்குள் புதிய வாசகம் எழுதும் ஏற்பாட்டை அவர் அமைத்துக் கொண்டார். தலைப்புக்கு ஒரு துணைக் கருவி, விளக்கத்துக்கு வேறொன்று என்று வேலையைப் பிரித்தார். 2 மணி நேர வேலை 15 நிமிடமாகக் குறைந்தது என்று அக்குறிப்பு கூறுகிறது. வேலை முழுவதையும் முதலில் பேசித் திட்டமிட்ட பிறகே நிரல் எழுதச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கூறும் அறிவுரை.

இது கருவியை விற்கும் நிறுவனமே தந்த கணக்கு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். விதை விற்பவர் சொல்லும் மகசூலை நாம் அப்படியே ஏற்பதில்லை. நம் வயலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமிக்க 16 நிரலாளர்களைக் கொண்டு 246 பணிகளில் சோதனை நடத்தியது. செயற்கை நுண்ணறிவுத் துணையைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் அவர்களோ 20 சத நேரம் மிச்சமானதாக எண்ணிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது பெரிய, சிக்கலான வேலை, நம்முடையது சிறியது. ஆயினும் மிச்சமாயிற்றா என்பதை மனம் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தல் நலம்.

யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

விளைந்த நெல் முழுவதையும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடுகிறவருக்கு இது தேவையில்லை. தோட்டத்தோடு வாழையை ஒரே வியாபாரிக்குக் கொடுப்பவருக்கும் தேவையில்லை. பத்துப் பதினைந்து வீடுகளுக்குக் கொடுப்பவருக்கு ஒரு நோட்டே போதும். வாங்குவோர் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டி, வாரந்தோறும் ஒரே வேலை வருமானால் யோசிக்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதை முயன்று பார்க்கலாம்.

மற்றொன்றையும் சொல்லி விடுகிறேன். இக்கருவி புதிதாக வாங்குவோரைக் கொண்டு வந்து நிறுத்தாது. அரிசி தரமாக இல்லையென்றால் அதைச் சரி செய்யாது. எழுத்து வேலைக்குப் போகும் நேரத்தை மட்டுமே குறைக்கும்.

தொடங்கும் முறை

கூகுள் விரிதாளில் தொடங்குவது எளிது. அதில் 'நீட்டிப்புகள்' என்ற பகுதியில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று நிரல் எழுதும் இடம் உள்ளது. தொலைபேசியில் உள்ள விரிதாள் செயலியில் இந்த இடம் கிடைக்காது; கணினி வேண்டும். 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி பல வீடுகளில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பிளஸ் டூ முடித்த மகனோ மகளோ மருமகளோ இருந்தால் உடன் உட்கார வையுங்கள். ஆனால் அவர்களிடம் விட்டு விட்டு எழுந்து போய்விட வேண்டாம். வேலையின் நெளிவு சுளிவு தெரிந்தவர் நீங்கள்தான்.

கீழ்க்கண்ட வரிசையில் செய்தல் வேண்டும்.

1. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். வந்த ஆர்டர்களைத் தொகுத்துத் தொகை போடுவது முதல் வேலையாக இருக்கட்டும். செய்தி அனுப்புவதில் தொடங்க வேண்டாம். தொகுப்பில் தவறு வந்தால் வீட்டுக்குள்ளேயே திருத்திக் கொள்ளலாம். வாடிக்கையாளர் படித்துவிட்ட செய்தியைத் திருப்பி வாங்க முடியாது.

2. அந்த வேலையைக் கையால் எப்படிச் செய்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் படிப்படியாக எழுதுங்கள். யாருக்குக் கூலி இல்லை, யாருக்குக் கடன் உண்டு, சரக்கு போதாவிட்டால் யாருக்கு முதலில் என்பதெல்லாம் உங்கள் மனத்தில் இருக்கின்றன. கருவிக்கு அவை தெரியா. சொல்லாததை அது ஊகித்துக் கொள்ளும்.

3. அளவுகளை ஒரே அலகில் எழுதுங்கள். வாடிக்கையாளர் 'அரை மூட்டை', 'ரெண்டு படி' என்று கேட்பார். தாளில் ஏற்றும்போது கிலோவாக்கி, எண் மட்டும் எழுத வேண்டும். உங்கள் தோட்டத்துப் பூவன் தார் எத்தனை கிலோ, எத்தனை சீப்பு என்பதும் கருவிக்குத் தெரியாது. நிறுத்துப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

4. தொலைபேசி எண் பத்தியை வெறும் எழுத்து வடிவில் அமையுங்கள். இல்லையேல் முன்னால் உள்ள சுழியம் மறைந்து போகும். விரிதாளின் அமைப்பில் நாடு இந்தியா என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அமெரிக்கா என்றிருந்தால் 3/4 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிவிடும்.

5. தாளுக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டுமே முயலுங்கள்.

கருவியிடம் சொல்லும் விதம்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற எதனிடமும் தமிழில் கேட்கலாம். மாதிரிக்கு ஒன்று தருகிறேன். உங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளுங்கள்.

"எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கூகுள் விரிதாளில் 'ஆர்டர்', 'விலை' என்று இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். 'ஆர்டர்' தாளில் தேதி, பெயர், பகுதி, ரகம், கிலோ என்று ஐந்து பத்திகள் உள்ளன. 'விலை' தாளில் ரகம், ஒரு கிலோ விலை, கையிருப்பு என்று மூன்று பத்திகள் உள்ளன. நான் பொத்தானை அழுத்தியதும், பகுதி வாரியாக, யாருக்கு எந்த ரகம் எத்தனை கிலோ, தொகை எவ்வளவு என்ற விவரம் 'பட்டியல்' என்ற தாளில் வர வேண்டும். ஒருவர் வாங்கும் எல்லா ரகமும் சேர்ந்து 10 கிலோவுக்குக் குறைவானால் 40 ரூபாய் வண்டிக்கூலி ஒரு முறை சேர்க்க வேண்டும். 10 கிலோவும் அதற்கு மேலும் வாங்கினால் கூலி இல்லை. விலை எழுதாத ரகம், எண்ணாக இல்லாத அளவு, கையிருப்பை மீறிய ஆர்டர் ஆகியவற்றைக் கண்டால் நீயாக நிரப்பாமல், 'பிழை' என்ற தனித் தாளில் எழுதிக் காட்டு. 'ஆர்டர்', 'விலை' தாள்களில் எதையும் மாற்றாதே. யாருக்கும் எதையும் அனுப்பாதே. எழுதத் தொடங்கும் முன் புரியாதவற்றை என்னிடம் கேள். நிரலை எங்கே ஒட்டுவது, பொத்தானை எப்படி அமைப்பது என்பதையும் படிப்படியாகச் சொல்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிட வேண்டாம். கருவி கேட்கும் கேள்விகளிலேயே, நாம் சொல்ல மறந்தவை வெளிப்படும். நிரலை ஒட்டி ஓட்டும்போது சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். அதை அப்படியே எடுத்துக் கருவியிடம் ஒட்டி, 'இப்படி வருகிறது, திருத்து' என்று சொன்னால் போதும். இரண்டு மூன்று முறை திருத்த வேண்டி வரலாம்.

சோதனைப் பாத்தி

நிரல் ஓடிவிட்டது என்பதால் கணக்குச் சரி என்று ஆகிவிடாது. உண்மையான ஆர்டர்களைக் கொடுக்கும் முன், கற்பனைப் பெயர்களோடு ஆறு ஆர்டர்கள் எழுதி, விடையைக் கையால் போட்டு வைத்துக் கொண்டு ஒப்பிட வேண்டும். கணக்கு வசதிக்காக இரண்டு ரகங்களுக்கும் கிலோ 80 ரூபாய் என்று வைப்போம்.

முதல் ஆள் 9 கிலோ: 720 ரூபாயும் கூலி 40 ரூபாயும் சேர்த்து 760.

இரண்டாம் ஆள் 10 கிலோ: கூலி இல்லை, 800. இங்கே 840 என்று வந்தால், '10க்குக் குறைவு' என்பதை '10 வரை' என்று கருவி எடுத்துக் கொண்டது என்று பொருள்.

மூன்றாம் ஆள் 11 கிலோ: 880.

நான்காம் ஆள் பொன்னி 6 கிலோ, சீரகச் சம்பா 5 கிலோ என்று இரண்டு வரிகளில்: மொத்தம் 11 கிலோ, ஆகவே கூலியின்றி 880. இதில் 960 என்று வந்தால் ஆளுக்கு ஒரு முறை பார்க்காமல், வரிக்கு வரி கூலி போட்டிருக்கிறது.

ஐந்தாம் ஆளுக்கு அளவு 'அரை மூட்டை' என்று எழுதுங்கள்; ஆறாம் ஆளுக்கு விலை எழுதாத ரகம் ஒன்றைக் கொடுங்கள். இவ்விரண்டும் பிழைத் தாளில் வர வேண்டும். சுழியம் என்று தொகை போட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தால், அந்த நிரலை ஏற்கக் கூடாது.

இறுதியாக, பொத்தானை இரண்டாம் முறையும் அழுத்திப் பாருங்கள். பட்டியல் மாறாமல் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆர்டரும் இரண்டு முறை வந்திருந்தால், பழைய பட்டியலை அழிக்காமல் அதன் கீழேயே எழுதுகிறது என்று அறிக.

இவ்வளவு சோதனை எதற்கு என்று கேட்கலாம். கையால் எழுதும்போது தவறினால் ஒரு வீட்டில் தவறுவோம். நிரலில் தவறினால் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் தவறுவோம். 40 ரூபாய் கூலி தவறாக ஏறினால் 120 வீட்டில் 4,800 ரூபாய். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடலாம். 'அவர்கள் கணக்கில் ஏமாற்றுகிறார்கள்' என்ற பேச்சு ஒரு தெருவில் பரவி விட்டால் அதைத் திருப்புவது கடினம். நேரடி விற்பனை நிற்பது நாணயத்தின் மேல்தான். ஆகவே சோதனை நன்றாக வந்த பிறகும் மூன்று வாரங்களுக்கு நோட்டுக் கணக்கையும் கூடவே போட்டு, இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தொகுப்பு வேலை நன்கு நடந்த பிறகு, வார விலைச் செய்தி எழுதுவதையும் கருவியிடம் விடலாம். ஒவ்வொருவருக்கும் உரிய செய்தியைத் தாளில் எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிய வேண்டும். படித்துப் பார்த்து அனுப்பும் விரல் உங்களுடையதாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் தானாகவே நூற்றுக்கணக்கான செய்தி அனுப்பும் நிரல் வேண்டும் என்று கேட்டால் கருவி எழுதித் தரக்கூடும். ஆனால் அந்நிறுவனத்தின் விதி அதை அனுமதிப்பதில்லை. உங்கள் எண்ணையே முடக்கி விடுவார்கள். வாடிக்கையாளர் அனைவருக்கும் தெரிந்த எண் போய்விட்டால் வியாபாரமே நின்று போகும். வணிக நோக்கில் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பவும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்தது வாசகம். விளம்பரம் எழுதச் சொன்னால், நாம் சொல்லாத பெருமையையும் கருவி சேர்த்துவிடும். 'முழுவதும் இயற்கை விளைச்சல்', 'சர்க்கரை நோயைக் குணமாக்கும் கருப்புக் கவுனி' என்றெல்லாம் எழுதிக் கொடுக்கும். இவற்றை அப்படியே அனுப்புவது ஆபத்து. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ், உணவுப் பொருள் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். யூரியா போட்ட வயலின் அரிசியை இயற்கை என்று இயந்திரம் எழுதினாலும் பொறுப்பு நம்முடையதே. ரகம், அறுவடை செய்த மாதம், அரைத்த தேதி, விலை ஆகியவற்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். வாங்குவோருக்கு வேண்டியதும் அதுவே.

மூன்றாவது, பிறர் விவரம். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. நிரல் எழுதுவதற்குக் கருவிக்குப் பத்திகளின் தலைப்பும், கற்பனைப் பெயரிட்ட நாலைந்து வரிகளுமே போதும். உண்மைப் பட்டியலை அதனிடம் ஒட்ட வேண்டிய அவசியமில்லை. வங்கிக் கடவுச்சொல், ஜிபே இரகசிய எண் ஆகியவற்றை எந்தக் காரணத்திற்காகவும் கொடுத்தல் கூடாது.

நான்காவது, அனுமதி. நிரலை முதன்முறை ஓட்டும்போது கூகுள் உங்களிடம் அனுமதி கேட்கும். விரிதாளைப் படிக்கவும் எழுதவும் கேட்டால் பொருத்தம். அரிசிக் கணக்குப் போடும் நிரல், உங்கள் மின்னஞ்சலைப் படிக்கவோ அனுப்பவோ அனுமதி கேட்டால் நிறுத்தி, 'இது எதற்கு?' என்று கருவியிடம் கேளுங்கள். தேவையில்லாததை நீக்கி எழுதச் சொல்லுங்கள்.

முடிவாக

விவசாயப் பெருமக்களே! தை அறுவடையும் பொங்கலும் சேர்ந்து வரும் நாட்களில் புதிய அரிசிக்கும் வாழைப்பழத்துக்கும் தேவை கூடும். வேலை குவிந்த அந்த நேரத்தில் புதிய கருவியோடு போராடுவது கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வேலை சற்றுக் குறையும் நாட்களில் ஒரே ஒரு வேலையை எடுத்து முயன்று பாருங்கள். முன்பு எத்தனை மணி நேரம் பிடித்தது, இப்போது எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று எழுதி வையுங்கள். திருத்துவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஆன நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் பார்த்தும் மிச்சமில்லை என்றால் பழைய நோட்டுக்கே திரும்பி விடலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

மிச்சமானால், அந்த நேரத்தை வாடிக்கையாளரிடம் செலவிடுங்கள். ஆர்டர் கொடுப்பதை நிறுத்தி இரண்டு மாதமான வீடுகள் எவை என்று நிரல் பட்டியலிட்டுக் கொடுக்கும். அரிசி குழைந்ததா, கல் இருந்ததா, பை தாமதமாக வந்ததா என்பதை அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு அறிவது நம் வேலை. கேட்டு வந்ததை அடுத்த அறுவடையிலும் அரைவையிலும் திருத்திக் கொண்டால் போன வாடிக்கை திரும்பவும் வரும்.